முட்டி வலி கேட்கணும்

என் மேசை முன்னால் வந்து நிற்கிற யாரும் உண்மை பேசுவதில்லை. ஆறு வருடமாகப் பார்க்கிறேன். பழைய போனை நீட்டுவார்கள். நான் மூன்று விஷயம் கேட்பேன்.

"சிம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"மெமரி கார்டு?"

"அதுவும் எடுத்தாச்சு."

"உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சாச்சா?"

"அதெல்லாம் எப்பவோ அழிச்சாச்சு மேடம்."

மூடியைக் கழற்றினால் சிம் கால் நீட்டிப் படுத்திருக்கும். ஆன் செய்தால் வங்கிக் கணக்குச் செய்தி, ரத்தப் பரிசோதனை அறிக்கை, குளியலறைக் கண்ணாடி முன்னால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு எடுத்த படம், எல்லாம் அப்படியே இருக்கும். "ஐயையோ, அதைப் பாக்காதீங்க மேடம்" என்று பதறுவார்கள். எனக்கு மட்டும் என்ன ஆசையா? "உங்க தொப்பையைப் பாக்கவா சார் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?" என்று ஒருவரிடம் கேட்டே விட்டேன். அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சரக்குக் கப்பலில் ஏற்றுகிற பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கி, ஒரு பக்கம் ஷட்டர் வைத்து, 'பழைய கைபேசிகளை இங்கே ஒப்படைக்கவும்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதுதான் என் ஆபீஸ். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, பிளாஸ்டிக் பெட்டிகள், இரண்டு மணல் வாளி. வேலைக்கு ஆள் நான் ஒருத்திதான். வாங்கி, அழித்து, பேட்டரியைப் பிரித்து, அதன் முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடுவேன். பேட்டரி உப்பியிருந்தால் பேச்சே கிடையாது, நேராக மணல் வாளி. அதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, முக்கியமாகச் சார்ஜில் போடக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிட்டது. திங்கட்கிழமைதோறும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வருகிற லாரிக்காரர் என்னை 'மணல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

சில போன்கள் பெட்டிக்குள் கிடந்துகொண்டே அலாரம் அடிக்கும். சிம் இல்லாவிட்டால் என்ன, மணி பார்க்கத் தெரியுமே. எடுத்துப் பார்த்தால் திரையில் எழுதியிருக்கும்: 'அப்பாவுக்கு மாத்திரை', 'பாப்பாவைக் கூட்டி வரணும்', 'கல்யாண நாள், மறக்காதே'. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பெற்ற அப்பனுக்கு மாத்திரை கொடுக்க ஒருத்தனுக்கு மணி அடிக்க வேண்டுமா? கட்டிய பெண்டாட்டியை ஞாபகப்படுத்த ஒரு பெட்டியா? நல்ல பிழைப்புடா சாமி என்று திட்டிக்கொண்டே அழித்துத் தள்ளுவேன்.

என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்ற மிதப்பு எனக்கு.

அவன் இருப்பது ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற தூரத்தில். மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற குளிர் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை. எந்த ஷிஃப்டாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவனுக்கு ஓய்வு நேரம். பதினோரு மணி அடித்தால் என் போன் அடிக்கும். நான் ஷட்டரைப் பாதி இறக்கி, 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்காருவேன். "அம்மா, முட்டி வலி எப்படி இருக்கு?" என்பான். நாலு வருடமாக அதுதான் முதல் கேள்வி. அவன் அப்பா இருந்த காலத்தில்கூட என் முட்டியை யாரும் விசாரித்தது கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் நான் வாயைத் திறந்தால் சுவர்தான் கேட்க வேண்டும். இங்கே என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாம் போனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வாரத்தில் என்னைப் பற்றி ஒருவர் பேசுவது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

"என் பையன் வாரம் தவறாம என் முட்டியைக் கேப்பான். எவ்வளவு வேலை இருந்தாலும் மறக்க மாட்டான்" என்று லாரிக்காரரிடம் எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவரும் பாவம், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவார்.

நானாக அவனைக் கூப்பிட்டதே கிடையாது. கிடங்கில் வேலை செய்கிற பிள்ளை, கையில் பாரம் இருக்கும்போது போன் அடித்தால் என்ன ஆவது என்று சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதி என் திமிர். கேட்டு வாங்குகிற பாசம் எனக்கு வேண்டாம், தானாக வரட்டும். அப்படியே பழகிவிட்டது.

போன மாதம் ஏதோ சான்றிதழ் வாங்க வேண்டும் என்று மூன்று நாள் விடுப்பில் வந்தான். வந்தவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்த போன் தொட்டில் மாதிரி ஆடியது. எடுத்துப் பார்த்தால் பின்மூடி ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"டேய், எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளாத்தான். நல்லாத்தான்மா வேலை செய்யுது."

"நல்லா வேலை செய்யும், செய்யும். நெஞ்சுக்கு நேரா வெடிகுண்டை வெச்சுக்கிட்டுச் சுத்துறே. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ பெத்த பிள்ளையைப் பாரு! கிளம்பு, இப்பவே புதுசு வாங்கணும்."

"அடுத்த மாசம் பாக்கலாம்மா."

"அடுத்த மாசம் நீ இருந்தாத்தானேடா பாப்பே?"

இழுத்துக்கொண்டு போய் வாங்க வைத்துவிட்டேன். அவனுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது வேறு கம்பெனி போன். கடைக்காரப் பெண் படங்களையும் நம்பர்களையும் புதியதுக்கு மாற்றி, சிம்மையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறும்போது பழையதை என் கையில் கொடுத்தான்.

"நீயே உன் மணல்ல போட்டுடும்மா."

"உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சியா?"

"எல்லாம் அழிச்சாச்சும்மா" என்றான். என் வயிற்றில் பிறந்தவனும் அதே பொய்யைத்தான் சொன்னான்.

வெள்ளி, சனி எனக்கு வார விடுமுறை. 'வந்து சேர்ந்துட்டேன்' என்று வெள்ளிக்கிழமை இரவு ஒரு வரி அனுப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பழைய போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். முதலில் பேசி முடித்துவிடுவோம், அப்புறம் மணலில் போடலாம் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு ஷட்டரை இறக்கினேன், அட்டையைத் தொங்கவிட்டேன், என் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மணி அடித்தது. ஆனால் மடியில் அடிக்கவில்லை. பைக்குள் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். அவனுடைய பழைய போன்தான். பூட்டிய திரையின்மேல் பெரிய எழுத்தில் மணி பதினொன்று. கீழே இரண்டு வரி.

'அம்மா. முட்டி வலி கேட்கணும்.'

முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் ஜிவ்வென்று சூடானது. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் பத்துப் பேர் முன்னால் யாரோ என்னை அறைந்துவிட்டது போல அவமானமாக இருந்தது. நாலு வருடம்! வாரம் தவறாமல் என் பிள்ளை என்னை நினைக்கிறான் என்று நான் பூரித்துப்போயிருந்த நாலு வருடமும் ஒரு பெட்டி அவனுக்கு மணி அடித்திருக்கிறது. கேள்வியைக்கூட எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் அழித்துத் தள்ளிய 'அப்பாவுக்கு மாத்திரை'க்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

நிறுத்துகிற பொத்தானைத் தொடக் கை வரவில்லை. அது பாட்டுக்கு அடித்து ஓய்ந்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தது. அதற்குள் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் போன் இன்னும் அடிக்கவில்லை. படங்கள் புது போனுக்குப் போயின, நம்பர்கள் போயின. அலாரம் மட்டும் போகவில்லை. வேறு கம்பெனி போனுக்கு மாற்றினால் சில சமயம் அலாரம் வராது. எனக்குத் தெரியாததா? எத்தனை பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். பெற்ற பிள்ளையைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனபோது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

பதினொன்றரை வரை ஷட்டருக்குள்ளேயே இருந்தேன். வெளியே ஒருவர் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம்னு போட்டுட்டு அரை மணி நேரமா தூங்குறாங்க" என்று சொல்லிக்கொண்டு போனார். அவன் கூப்பிடவில்லை.

மறுநாள் லாரிக்காரர் வந்தார். பெட்டிகளை ஏற்றிவிட்டு, வழக்கம்போல, "மணல்ல ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். ஆறு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. போன் என் மேசை டிராயரில் இருந்தது. அணைத்து வைத்திருந்தேன்.

"நேத்து தம்பி பேசினாரா?"

"பேசாம? முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டான்" என்றேன். ஒரு பொய் சொன்ன வாய்க்கு அடுத்தது சுலபமாக வந்தது.

ஒரு வார்த்தை, 'புது போனில் அலாரம் வைத்துக்கொள்ளடா' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. பார்க்கலாம், தானாக ஞாபகம் வருகிறதா பார்க்கலாம் என்று வீம்பு. திங்கள் போனது, செவ்வாய் போனது. சமைக்கும்போது போனை அடுப்பு மேடைமேல் வைத்தேன். குளிக்கப் போனபோது வாசல்படியில் வைத்தேன். புதன்கிழமை அடித்தது, ஈரக் கையோடு ஓடினேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அவளிடம் இரண்டு நிமிடம் பேசினேன். "வெயில் உங்க பக்கமும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய் வைத்துவிட்டாள். அன்றைக்கு இரவு சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. அன்று நான் செய்ததை வேறு யாராவது செய்திருந்தால் நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

டிராயரிலிருந்து அவன் போனை எடுத்தேன். பின்மூடி முன்னைவிட அதிகமாகத் தூக்கியிருந்தது. விரல் நுழைகிற அளவு இடைவெளி. ஆன் செய்தேன். சார்ஜ் இரண்டு சதவீதம், சிவப்புக் கோடு. பதினோரு மணி வரை தாங்காது. அவன் கூப்பிடவில்லை என்றால் அந்தப் போனாவது கூப்பிடட்டும் என்று இருந்தது எனக்கு. யாராவது ஒருவர், எதுவாவது ஒன்று, என் முட்டியைக் கேட்டால் போதும் என்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். சோதனைக்கு வைத்திருக்கிற சார்ஜரைச் செருகினேன்.

பத்தே முக்காலுக்கே ஷட்டரை இறக்கிவிட்டேன். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. திரையில் மணி பத்து ஐம்பத்தாறு ஆனபோது ஒரு வாசனை வந்தது. நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி இனிப்பான நெடி. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த நெடி கனவில் வந்தால்கூடத் தூக்கிவாரிப் போடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மணியைப் பார்த்தேன். இன்னும் நாலு நிமிடம்தானே என்று நினைத்தேன்.

உஸ்ஸென்று சீறல் கேட்டதும்தான் புத்தி வந்தது. சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன். இடுக்கி எப்போதும் தொங்குகிற ஆணியில்தான் தொங்கியது, அதை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. வெறும் கையால் எடுத்து வாளியில் போட்டேன். போடுவதற்குள் பக்கவாட்டில் குபுக்கென்று தீ. அடுத்த வாளி மணலை அப்படியே அதன்மேல் கவிழ்த்தேன். மணலுக்குள்ளிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கி வெளியே வந்து விழுந்தேன்.

நடைபாதை ஓரத்துக் குழாயில் கையை நீட்டியபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வலது கையில் இரண்டு விரலும் உள்ளங்கையும் சிவந்து, தோல் சுருண்டிருந்தது. பேருந்துகள் வந்தன, போயின. புகையைப் பார்த்துவிட்டு ஒரு டிக்கெட் பரிசோதகர் ஓடி வந்தார். "ஒண்ணும் இல்ல சார், அடங்கிடுச்சு. யாரையும் கிட்ட விடாதீங்க, அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது" என்று அவரிடமும் பாடம் நடத்தினேன். எத்தனையோ பேரைத் திட்டிய அதே தப்பை நானே செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்கள் ஏன் பொய் சொல்லிக்கொண்டு எதையும் விட முடியாமல் என் மேசைக்கு வருகிறார்கள் என்பது அப்போது கொஞ்சம் விளங்கியது.

பதினொன்று இருபது. அவன் அன்றும் கூப்பிடவில்லை. வீம்பு பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இடது கையால் தடவித் தடவி அவன் நம்பரை அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா? அம்மா, என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லடா. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா? நீயா?" பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, இரைச்சல் நின்றது. "ஏன் இருமுறே?"

"தூசி. இன்னிக்கு இங்க ஒரே தூசி."

"இன்னிக்கு... ஐயோ, இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா? போன வாரமும் நான்... அம்மா, சாரிம்மா. புது போன் வந்ததுல இருந்து எனக்கு..." பாதியில் நிறுத்திவிட்டான்.

"அலாரம் அடிக்கல. அதானே?" என்றேன்.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"தப்பா நினைக்காதேம்மா. இங்க உள்ள ராத்திரியும் தெரியாது, பகலும் தெரியாது. இருபத்து நாலு மணி நேரமும் அதே விளக்கு. ஷிஃப்ட் மாறி மாறி வருது. என்ன கிழமைன்னு பக்கத்துல நிக்கிறவனைக் கேட்டா அவனுக்கும் தெரியாது. மறந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் போட்டு வெச்சேன்." மூச்சு வாங்கினான். "ஒரு வாரம் உன்னைக் கேக்க மறந்துட்டேன். நீ அன்னிக்குச் சரியாவே பேசல. அதுக்கப்புறம்தான் கேள்வியையும் எழுதி வெச்சேன்."

எந்த வாரம் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவன் மறந்ததற்கு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் அதைச் சுமந்துகொண்டு போய் எழுதி வைத்திருக்கிறான். ஒரு வாரமாக நெஞ்சில் கட்டி வைத்திருந்த கோபத்தை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, விடு" என்றேன்.

"முட்டி வலி எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு. போற இடத்துக்கெல்லாம் கூடவே வருது."

அவன் சிரித்தான். எப்போதும் அவன் கேட்பான், நான் சொல்லுவேன். முட்டி, கூரை ஒழுகல், பேருந்து நிலையத்துச் சண்டை, புகார் எழுதிக் கொடுத்த தொப்பைக்காரர் என்று பத்து நிமிடமும் நான்தான் பேசுவேன். முடிக்கும்போது, "சாப்பிட்டியா?" என்பேன், "ஆச்சு" என்பான், வைத்துவிடுவோம். இன்றைக்குக் கூப்பிட்டவள் நான். நான்தான் ஏதாவது கேட்க வேண்டும். நாக்கு வரைக்கும் 'சாப்பிட்டியா' வந்துவிட்டது. அதை விழுங்கினேன். என் கை எரிந்துகொண்டிருந்தது.

"உனக்கு எங்கயாவது வலிக்குதாடா?" என்றேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"முதுகும்மா" என்றான். குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. "கீழ் முதுகு. காலையில எந்திரிக்கவே முடியல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமாவா! வாரா வாரம் பேசுறோம், ஒரு வார்த்தை ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலையேம்மா" என்றான்.